பவுண்டுக்குள் கூப்பிட்டவள்

எங்கள் வீட்டில் மாடு கூப்பிட ஒரு சத்தம் இருந்தது. வார்த்தை கிடையாது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு சொடக்கு, அப்புறம் அடிவயிற்றிலிருந்து நீளமாக ஓர் ‘ஓ’, கடைசியில் தொண்டையை அடைத்து அதைச் சட்டென்று வெட்டிவிட வேண்டும். மலையில் எங்கே மேய்ந்தாலும் அந்தச் சத்தத்துக்கு எங்கள் மாடுகள் இறங்கி வரும். வேறு யார் தொண்டை கிழியக் கத்தினாலும் காதைக்கூட ஆட்டாது. அது மூன்று பேருக்குத்தான் கைவந்தது: அப்பாவுக்கு, அண்ணனுக்கு, எனக்கு. அம்மாவுக்கு வராது. அவள் வயற்காட்டு வீட்டில் பிறந்து மாட்டுக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள். “உங்க ஊளைய நீங்களே வச்சுக்கங்க” என்பாள்.

அந்தச் சத்தத்துக்கு ஒரு சட்டம் உண்டு. கூப்பிட்டால் உப்பு வைக்க வேண்டும். மலைமாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் தெரியாது, புண்ணாக்கும் தெரியாது. புல்லும் தழையும் தின்று கிடக்கிற மாட்டுக்கு உப்புதான் தீபாவளி. மலையடிவாரத்தில் எங்கள் தொழுவுக்கு மேலே ஒரு தட்டைப் பாறை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை அதில் கல்லுப்பைத் தூவிவிட்டு அப்பா கூப்பிடுவார். உப்பில்லாமல் கூப்பிட்டால் அது ஏமாற்று. ஒருமுறை ஏமாந்த மாடு அடுத்த தடவை யோசிக்கும், அதற்கடுத்த தடவை வராது என்பார். ஆறேழு வயதில் நான் விளையாட்டாகக் கூப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு நின்றேன். அறுபது மாடுகள் வந்து என் கையை முகர்ந்தன. அப்பா என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

எங்கள் ஊர் கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில், கிழக்கு மலையை ஒட்டி இருக்கிறது. மலைக்கும் ஆற்றுக்கும் இடையில் வயல். மழைக்காலம் முழுக்க மாடுகள் மலையில் கிடக்கும். கோடையில் மேலே ஊற்றுகள் வற்றினால் ஆற்றுக்குத்தான் வர வேண்டும். வருவதற்கு வயல்களின் நடுவே ஒரு பாதை இருந்தது. மாட்டுப்பாதை என்றுதான் அதற்குப் பெயர். அப்பா காலத்தில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தாலும் உரசாமல் போகுமாம்.

அப்போதெல்லாம் ஊரில் ஒருபோகம்தான். தை அறுப்பு முடிந்ததும் வயற்காட்டுக்காரர்களே தொழுவுக்கு நடந்து வந்து, “எங்க வயல்ல ரெண்டு நாளு கிடை போடுங்கப்பா” என்று கேட்பார்கள். மாடு தாளைத் தின்னும், சாணி போடும், ஆற்றில் தண்ணீர் குடிக்கும். யாருக்கும் யார்மேலும் வருத்தமில்லை. அப்புறம் வாய்க்காலை நீட்டினார்கள். மேட்டு வயலுக்கும் பெரியாற்றுத் தண்ணீர் வந்தது. ஒருபோகம் இருபோகமானது. தை மாதத்தில் தாள் கிடந்த இடத்தில் இப்போது பச்சைப் பயிர் நின்றது. தேனிக் கடைவீதியில் உரம் சாக்கில் வந்து இறங்கியது. அதற்குப் பிறகு மாட்டுச்சாணிக்காக மலையடிவாரம்வரை நடக்க யாருக்குக் கால் வரும்?

பாதையும் இளைத்தது. யாரும் அதை மறிக்கவில்லை. வருஷா வருஷம் வரப்பைச் செதுக்கும்போது, பாதைப் பக்கம் ஒரு சாண் மண்ணை அணைத்துப் போடுவார்கள், அவ்வளவுதான். இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். பத்து வருஷத்தில் இரண்டு மாடுகள் சேர்ந்து நடக்க முடியாமல் போயிற்று. ஒரு மாடு நின்றால் பின்னால் வருகிற மாடு வயலுக்குள்தான் கால் வைக்க வேண்டும். வைத்தால், “பாத்தியா, மாட்ட விட்டு மேய்க்கிறான்” என்பார்கள். மண்ணைத் தின்றவனைக் கேட்க ஆளில்லை. பயிரைத் தின்ற மாட்டைக் கேட்க ஊரே இருந்தது.

வயற்காட்டுக்காரர்கள் கெட்டவர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானும் வயற்காட்டுக்காரிதான். அப்பா செத்த மறு வருஷம் என்னைத் தாய்மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாமாவுக்கு வாய்க்காலை ஒட்டி நல்ல நஞ்சை, ஊரில் அவர் சொல்லுக்கு மதிப்பு. அண்ணன் மாடுகளோடு தொழுவில் இருந்தான். நான் அரை மைல் தள்ளி மாமா வீட்டில் நெல் அவித்துக்கொண்டிருந்தேன். சுடுசோறு, ஓட்டு வீடு, கழுத்தில் தங்கம். மாட்டு மூத்திர வாடை போகக் குளித்துவிட்டு மாமியார் முன்னால் நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்ததே தவிர வருத்தமாக இல்லை. இன்று நினைத்தால் அதுதான் எரிகிறது.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம், மாமா எங்களுக்கென்று கொஞ்சம் வயலை ஒதுக்கினார். பாதையை ஒட்டிய வயல். என் வீட்டுக்காரர் உழுதார், நாற்றங்காலுக்கு விதைத் தெளிப்பு என் கையால் நடந்தது. கார்த்திகைத் தூறலில் நாற்று விரற்கடை விரற்கடையாக ஏறுவதைக் காலையும் மாலையும் போய்ப் பார்ப்பேன். என் பேருக்கு என்று உலகத்தில் அதுவரை எதுவும் இருந்ததில்லை. அந்த நாற்றுத்தான் முதல்.

ஒரு நாள் பகலில் உண்ணி கழுவ ஆற்றுக்கு இறக்கிய அண்ணனின் மாடுகள், எதிரே யாரோ எருமை ஓட்டி வந்ததால் ஒதுங்கி, என் நாற்றங்காலில் இறங்கின. நான் போய்ப் பார்க்கும்போது சேறுதான் இருந்தது. குளம்புக் குழிகளில் தண்ணீர் நின்றது.

ஓட்டமும் நடையுமாகத் தொழுவுக்குப் போனேன். அண்ணன் ஒரு கன்றுக்கு ஈ மொய்த்த புண்ணில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும் சிரித்தான்.

“ஏ புள்ள, நம்ம தங்கச்சி நமக்காகப் புல்லு வளத்திருக்கானு மாடு நெனச்சிருக்கும்” என்றான்.

அவன் அப்படித்தான். எதையும் சிரித்துத்தான் பேசுவான். “வேற நாத்து வாங்கித் தாரேன், அழுகாத” என்றும் சொன்னான். அது என் காதில் ஏறவில்லை. சிரிப்பு மட்டும்தான் ஏறியது. என் சோற்றை மிதித்துவிட்டுச் சிரிக்கிறான் என்று எண்ணிக்கொண்டு திரும்பினேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் தொழுப் பக்கம் போகவில்லை. அவன் ராயப்பன்பட்டியிலிருந்து நாற்றுமுடி வாங்கித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து வரப்பில் இறக்கிவிட்டுப் போனான். அதை நட்டோம். ஊர் நடவு முடிந்து இருபத்தைந்து நாள் கழித்து நட்டோம். ஊரெல்லாம் முற்றும்போது எங்கள் பயிர் அப்போதுதான் பால் பிடிக்கும்.

மாசியில் மலை ஊற்றுகள் வற்றின. மேலே காட்டிலாகாக்காரர்கள் ரிசர்வ் என்று கல் நட்டு, சீட்டு இல்லாமல் மாட்டை ஏற்றக் கூடாது என்றார்கள். கீழே வயற்காட்டுக்காரர்கள் பாதையில் மாடு நடக்கக் கூடாது என்றார்கள். அண்ணன் சீட்டுக்காகக் கம்பத்து ஆபீசுக்கு அலைந்தான். போனால் இரண்டு நாள், மூன்று நாள் அங்கேயே வராந்தாவில் கிடப்பான். தொழுவில் கூலிக்கு மேய்க்கிற ஒரு கிழவர் மட்டும் இருப்பார். அந்தக் கிழவரால் மாட்டைத் திருப்ப முடியாது. மாடு போகிற பக்கம் அவரும் போவார்.

அப்படி அண்ணன் கம்பம் போயிருந்த ஒரு காலையில் மாமா என்னைக் கூப்பிட்டார். வாசலில் ஊர்க்காரர் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏத்தா, உங்க அண்ணன் எங்கன?”

“கம்பம் போயிருக்கு மாமா.”

“அவன் மாட்ட நாங்க பவுண்டுல அடைக்கப் போறோம். நேத்து நாலு பேரு பயிரு போச்சு. ஆனா எங்களால ஒரு மாட்டைத் தொட முடியல. வெரட்டுனா முட்ட வருது. நீ கூப்பிட்டா வரும்னு உங்க ஆத்தா சொல்லியிருக்கா.”

மாமா குரலை இறக்கினார். “உங்க அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாது. அவன் வரட்டும், இனிமே அந்தப் பாதையில மாட்டை எறக்க மாட்டேன்னு ஒரு கைநாட்டு வைக்கட்டும். கதவத் தெறந்து விட்டுருவோம். ஒரு நாளு. மிஞ்சிப் போனா ரெண்டு நாளு.”

பாதை இல்லாவிட்டால் மாடு எங்கே தண்ணீர் குடிக்கும் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கு நாற்றங்கால்தான் கண்ணில் நின்றது, அண்ணன் சிரித்த சிரிப்புதான் காதில் நின்றது. அதைவிட அசிங்கமான ஒன்றும் இருந்தது. அத்தனை ஆம்பளைகளாலும் முடியாத ஒன்று என்னால் முடியும் என்று ஊர் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. எனக்கு வயசு பத்தொன்பது. வயசைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை, கணக்குக்குச் சொல்கிறேன்.

“உப்பு வேணும் மாமா” என்றேன்.

“எதுக்கு?”

“உப்பில்லாமக் கூப்பிடக் கூடாது.”

“என்னமோ செய்யி.”

தென்னைக்கு வைக்க வாங்கிய கல்லுப்பு மூட்டை ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் பாதியை இரண்டு கூடைகளில் கட்டினேன். ஒன்றைப் பவுண்டுக்கு அனுப்பிவிட்டு மற்றதைத் தலையில் வைத்துக்கொண்டு மலையடிவாரத்துக்கு நடந்தேன். கிழவர் வேப்பமரத்தடியில் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “வாத்தா, ரொம்ப நாளாச்சு. அண்ணன் உப்பு வச்சே மாசத்துக்கு மேல ஆச்சு, பாவம் கல்லைக் கல்லை நக்குதுக” என்றார். நான்தானே என்று அவர் எழுந்திருக்கக்கூட இல்லை.

கூப்பிட்டேன். இரண்டு வருஷமாகக் கூப்பிடாத தொண்டை, முதல் தடவை பிசிறியது. இரண்டாம் தடவை சரியாக வந்தது. பாறைக்குப் பின்னாலிருந்து முதலில் மயிலைக் கிழவி வந்தாள். நான் பிறந்த வருஷத்தை ஒட்டிப் பிறந்த பசுவின் மகள் அவள். அப்புறம் செவலை, புல்லை, காரி, கொம்பு ஒடிந்தவள், கன்றுகள், எல்லாம் சருகு நொறுங்க இறங்கி வந்தன. என்னை மறக்கவில்லை. மயிலை என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே திரும்பி நடந்தேன். கூடை தலையில், மாடுகள் பின்னால்.

அன்று அந்தப் பாதையில் அறுபது மாடுகளும் ஒற்றை வரிசையில் நடந்தன. இரண்டு பக்கமும் பயிர். ஒரு மாடுகூட ஒரு கதிரைத் தொடவில்லை. உப்புக்குப் பின்னால் போகிற மாட்டுக்குப் பயிர் கண்ணில் படாது. வரப்புகளில் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். “பாரேன், ஆட்டுக்குட்டி மாதிரி போகுது” என்று யாரோ சொன்னது கேட்டது. தலை நிமிர்ந்து நடந்தேன்.

பவுண்டு என்பது ஊரின் மேற்குக் கடைசியில், வாய்க்கால் கரையில், பயிர் மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்க ஆள் உயரக் கல்சுவர் கட்டிய சதுரம். வழக்கமாக இரண்டு கழுதையும் ஓர் எருமையும் நிற்கும். ஒரு கல்தொட்டி உண்டு. நான் முதலில் உள்ளே போய் இரண்டு கூடை உப்பையும் சுவரோரப் பலகைக் கற்களில் கொட்டிப் பரப்பினேன். மாடுகள் முண்டியடித்து நக்கின. ஒரு மாதத்துக்கு மேலாக உப்புக் காணாத நாக்குகள், கல் தேயத் தேய நக்கின. நான் வெளியே வந்ததும் கதவைச் சாத்தி இரும்புப் பட்டையைப் போட்டார்கள். ராயப்பன்பட்டி மாதா கோயிலில் உச்சி மணி அடித்தது.

எங்கள் தொழுவில் உப்புப் பாறைக்குக் கீழேயே ஓர் ஊற்று இருந்தது. மற்ற ஊற்று வற்றினாலும் அதில் ஒரு வேளைக்குக் காணுகிற கலங்கல் தண்ணீர் கிடக்கும். நக்கி முடித்த மாடு தானாக இறங்கிக் குடித்துவிட்டுப் படுக்கும். அதனால் உப்பு வைத்தால் உடனே தண்ணீர் காட்ட வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. உப்பில்லாமல் கூப்பிடாதே என்பதை அப்பா அடித்துச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, நேர்மையாக நடந்துவிட்டேன் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றேன். தொட்டியில் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று நினைத்தேன். பவுண்டு என்றால் அதற்கு ஆள் இருக்குமே.

ஆள் இருந்தது. அந்த ஆள் தொட்டியை ஒரு தடவை நிரப்பியிருக்கிறார். முன்னால் நின்ற நாலு மாடுகள் குடித்ததோடு சரி. இத்தனை மாட்டுக்கு இறைக்க எனக்கு உத்தரவு இல்லை என்று போய்விட்டார். சாயங்காலத்திலிருந்து கத்தல் தொடங்கியது. ஊர் முழுக்கக் கேட்டது. “புது எடம், அதான் கத்துது” என்றார் மாமா. நானும் அப்படித்தான் என்று நம்பப் பார்த்தேன்.

விடிந்ததும் போனேன். கல்லெல்லாம் வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது. ஒரு பொட்டு உப்பு மிச்சமில்லை. தொட்டியில் பாசி காய்ந்திருந்தது. மாடுகள் எல்லாம் வாய்க்கால் பக்கச் சுவரில் தலையை வைத்து நின்றன. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு எட்டில் தண்ணீர் ஓடுகிற சத்தம் அவற்றுக்குக் கேட்கிறது. அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் திருப்பிவிடுகிற மடைக்காரர் வாய்க்கால் கரையில் மண்வெட்டியோடு நின்றார். ஓடினேன்.

“அண்ணாச்சி, இங்கன ஒரு வெட்டு வெட்டுங்க. தண்ணி உள்ள போகட்டும். செத்துரும் அதுக.”

அவர் நல்ல மனுஷன். தலையைச் சொறிந்தார். “வெட்டலாம்மா. இன்னிக்கு மொறை உங்க வயலுக்குத்தான். மேக்கொண்டு எட்டு நாளைக்கு உங்களுக்குத் தண்ணி கெடையாது. இங்கன வெட்டுனா இருக்கிற கொஞ்சமும் பவுண்டுக்குள்ள எறங்கிரும், கடைசியில இருக்கிற உங்க வயலுக்கு ஏறாது. உங்க தண்ணி. நீங்க சொன்னா வெட்டுறேன்.”

அவர் கையில் மண்வெட்டி இருந்தது. நான் சொன்னால் வெட்டியிருப்பார். நான் எங்கள் வயலைத் திரும்பிப் பார்த்தேன். ஊர்ப் பயிரெல்லாம் மஞ்சள் தட்டியிருந்தது, எங்கள் பயிர் மட்டும் பச்சையாக, அப்போதுதான் பால் பிடித்து நின்றது. அந்த எட்டு நாளில் தண்ணீர் இல்லாவிட்டால் அத்தனையும் பதர். இரண்டு தடவை நட்ட பயிர். என் பேருக்கு இருந்த ஒரே பொருள்.

“சாயங்காலம் வரைக்கும் பாயட்டும் அண்ணாச்சி. அதுக்கப்புறம் வெட்டிக்கிடலாம்” என்றேன்.

இத்தனை வருஷமாக யாரிடமும் நான் சொல்லாதது இந்த ஒரு வாக்கியம்தான். மாமாவைத் திட்டியிருக்கிறேன், ஊரைத் திட்டியிருக்கிறேன், காட்டிலாகாவைச் சபித்திருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. மாமா என்னைக் கூப்பிடத்தான் சொன்னார். பயிருக்குத் தண்ணீர் பாயட்டும் என்று சொன்னது என் வாய்.

சாயங்காலம்வரை சும்மா இருக்கவும் முடியவில்லை. வாய்க்காலில் மொண்டு குடம் குடமாகச் சுமந்தேன். பவுண்டு ஆள் கதவை ஒருபக்கம் லேசாகத் திறந்து விட்டார். முதல் குடத்தைத் தொட்டியில் ஊற்றுவதற்குள் எல்லாம் ஒரேயடியாகப் பாய்ந்தன. ஏழு குடமோ எட்டுக் குடமோ கொண்டுபோயிருப்பேன். ஒரு செவலைக் கன்று காலடியில் விழுந்தது. அதன்மேல் தாயே ஏறி மிதித்தது. ஆட்கள் வந்து என்னை இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். “குடத்துல தண்ணி காட்டியே கொன்னுருவா போல” என்றார் ஒருவர்.

பொழுது சாய்ந்ததும் மடைக்காரரிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், “மொறை மாறிருச்சும்மா. இனி மேல்வயக்காரரு தண்ணி. அவர்கிட்டக் கேட்டேன். உங்க மொறையில நீங்க வெட்டல, என் மொறையில ஏன் வெட்டணுங்கிறாரு.”

அவர் கேட்டது நியாயம்தானே. மாமாவிடம் போய், மாடு செத்துப்போகும் மாமா, திறந்துவிடுங்கள் என்றேன். “நாளைக்கு உங்க அண்ணன் வந்துருவான்” என்றார். அவர் அப்படியொன்றும் கல்நெஞ்சர் இல்லை. எனக்கு மாப்பிள்ளை தேடாமல் தன் மகனையே கொடுத்தவர். ஆனால் பாதையை வாங்காமல் கதவைத் திறப்பதில்லை என்று சபையில் சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை மருமகளுக்காக மாற்றினால் மீசை என்னாவது?

மூன்றாம் நாள் காலையில் கத்தல் குறைந்திருந்தது. அது நல்லதற்கு இல்லை என்று எனக்குத் தெரியும். சுவர்மேல் எட்டிப் பார்த்தேன். சில மாடுகள் வட்டம் வட்டமாகச் சுற்றின. சில சுவரில் நெற்றியை முட்டி முட்டி ரத்தம் வடிய நின்றன. மயிலை என் குரல் கேட்டுத் திரும்பினாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை.

என் வீட்டுக்காரர் அதுவரை தன் அப்பாவை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டினேன். கோடாலி எடுத்துவந்து பட்டையை உடைத்தார். கதவு திறந்ததும் எல்லாம் வாய்க்காலில் போய் விழுந்தன. நின்று, முழங்கால் மடக்கி, மூக்கு முழுக முழுகக் குடித்தன. குடிக்கட்டும், பிழைத்துவிட்டன என்று நாங்கள் இருவரும் கரையில் நின்று கும்பிட்டோம். மாட்டுக்காரன் மகள் எனக்கு அதுவும் தெரியவில்லை. உப்பு ஏறித் தாகத்தில் காய்ந்த மாட்டுக்கு ஒரேயடியாகத் தண்ணீர் விடக் கூடாது. குடித்து எழுந்த மாடுகள் கொஞ்ச நேரத்தில் கால் நடுங்கி, வாயில் நுரை தள்ளி, வெட்டி வெட்டி இழுத்து விழுந்தன. மயிலை வாய்க்காலுக்குள்ளேயே சாய்ந்தாள். தண்ணீர் அவள்மேல் ஏறி, அவளைச் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போயிற்று. பதினேழு மாடுகள் விழுந்தன.

ஊர் கூடியது. உப்பைத் தின்று செத்தது என்றார்கள் சிலர். தண்ணீரைக் குடித்துச் செத்தது என்றார்கள் சிலர். பவுண்டில் அடைத்ததால் செத்தது என்று ஒரு வாயிலிருந்தும் வரவில்லை. மாமா என்னைப் பார்த்து, கோபமாகக்கூட இல்லை, வருத்தமாகவே சொன்னார்: “நான் கூப்பிடத்தானத்தா சொன்னேன். உப்பை எதுக்குக் குடுத்த?”

உச்சிக்கு அண்ணன் வந்தான். கம்பத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறான், வேட்டியெல்லாம் புழுதி. மடியில் காகிதம் ஒன்றை மடித்துச் செருகியிருந்தான். சீட்டுக் கிடைத்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து மாட்டை மேல்காட்டுக்கு ஏற்றலாம், அங்கே ஓடை உண்டு, இந்தக் கோடை முழுக்கக் கீழே இறங்கவே தேவையில்லை. அதைச் சொல்லத்தான் நேராக என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தானாம்.

விழுந்து கிடந்த ஒவ்வொன்றின் பக்கத்திலும் போய்க் குந்திப் பார்த்தான். நாக்கைத் தொட்டுப் பார்த்தான். கடைசியில் என் முன்னால் வந்து நின்றான்.

“உப்பு வச்சியா?”

“வச்சேன்ண்ணே.”

“தண்ணி?”

அவன் மறுபடி கேட்கவில்லை. அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவன் பிழைத்து நின்ற மாடுகளைத் திரும்பிப் பார்த்து, வாயில் கை குவித்துக் கூப்பிட்டான். அப்பா கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. சத்தம் கேட்டதும் மாடுகள் தலையைத் தூக்கின. தூக்கி, அப்படியே திரும்பி, ஆற்றுப் பக்கம் வெறிபிடித்த மாதிரி ஓடின. இன்னொரு தடவை கூப்பிட்டான். இன்னும் வேகமாக ஓடின. கன்றுகூட நிற்கவில்லை.

மாமா கைநாட்டுக் காகிதத்தை நீட்டினார். அந்த நேரத்திலும் நீட்டினார். அண்ணன் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல் கட்டை விரலை மையில் தோய்த்து வைத்தான்.

கூப்பிட்டு வராத மலைமாட்டை வைத்துக்கொண்டு யாரும் பிழைக்க முடியாது. மேல்காட்டுச் சீட்டு இருந்தும் மேய்க்க மாடு கைக்கு வரவில்லை. பிடிபட்டவரைக்கும் பிடித்து, கம்பமெட்டு வழியாக மலையாளத்துக்கு அடிமாடாக ஓட்டிப்போகிறவர்களிடம் கொடுத்துவிட்டான். எங்கள் வயலில் அந்தப் போகம் நல்ல விளைச்சல். பதரே இல்லை. அறுத்த நெல்லை அவித்துக் குத்தினேன். மனசாட்சி சோற்றுக்குள் வந்து உறுத்தும் என்று எதிர்பார்த்தேன். அப்படியெல்லாம் நடக்கவில்லை. பசித்தது, தின்றேன்.

ஆனியில் தண்ணீர் விட்டதும் மாமா பாதையை உழச் சொன்னார். எங்கள் வயலோடு அதைச் சேர்த்து எங்களுக்கே கொடுத்துவிட்டார். காலங்காலமாக மாடு மிதித்து இறுகிய மண், ஏர்க்கொழு இறங்கவில்லை. பலமான ஆள் வேண்டும் என்று என் வீட்டுக்காரர் கூலிக்கு ஆள் சொல்லிவிட்டார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மத்தியானம் கஞ்சிக் கலயத்தை எடுத்துக்கொண்டு போனபோதுதான் பார்த்தேன். ஏரைப் பிடித்து உழுதுகொண்டிருந்தது அண்ணன்.

வரப்பில் நின்றேன். அவன் ஒரு சால் முடித்துத் திரும்பி, என்னைப் பார்த்து, மாட்டை நிறுத்தினான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். எங்கள் வீட்டுக் கூலியாட்கள் என்னைப் பார்த்தால் அப்படித்தான் செய்வார்கள்.

“அண்ணே, கஞ்சி” என்றேன்.

“அங்கன வச்சுட்டுப் போங்கம்மா” என்றான்.